நகர்ந்துகொண்டே இருந்த நூறு

தாயும் சேயும்: இந்தியா எழுதிய இலக்குகள் – பகுதி 7

ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறக்கும் காலத்தில், பேறு காரணமாக இறக்கும் தாய்மாரின் எண்ணிக்கை நூறுக்குக் கீழே வர வேண்டும். 2000-ஆம் ஆண்டின் தேசிய மக்கள்தொகைக் கொள்கை இந்த இலக்கை எழுதியபோது குறித்த கெடு 2010. இரண்டு ஆண்டு கழித்து வந்த தேசிய நலவாழ்வுக் கொள்கையும் அதே எண்ணையும் அதே கெடுவையும் எடுத்துக்கொண்டது. 2005-ல் தொடங்கிய தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தில் எண் மாறவில்லை, கெடு 2012 ஆயிற்று. பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் அது 2017. 2017-ல் வந்த புதிய நலவாழ்வுக் கொள்கையில் 2020. ஐந்து ஆவணங்கள், நான்கு கெடுக்கள், ஒரே எண். கடைசியில் 2018-20 ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கு 97 என்று சொன்னபோது இந்தியா அந்தக் கோட்டைத் தாண்டியது. முதலில் குறித்த நாளிலிருந்து பத்து ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன. இதை வைத்து, தில்லியில் உட்கார்ந்து எழுதும் இலக்குகள் வெறும் தாள் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தாமதமானாலும் எட்டிவிட்டோமே, இலக்கு வேலை செய்தது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு முடிவுகளும் எண்ணை மட்டுமே பார்க்கின்றன. அந்த எண் நாட்டின் ஒரு மூலையில் இறந்துபோன ஒரு பெண்ணின் வீட்டு வாசல் வரை வந்ததா, வந்து என்ன கேட்டது என்பதைப் பார்த்தால்தான் வரலாறு துலங்கும். "எத்தனை?" என்று மட்டும் கேட்ட காலங்களில் நம் இலக்குகள் தள்ளிப்போயின. "இவள் ஏன் இறந்தாள்?" என்று கேட்கத் தொடங்கிய இடங்களில் அவை கைக்கு எட்டின. இந்தப் பகுதியில் நான் நிறுவ முயல்வது இதைத்தான்.

தொடக்கம் 1946. சர் ஜோசப் போர் தலைமையில் 1943-ல் அமைந்த குழு தன் அறிக்கையை அந்த ஆண்டில் வெளியிட்டது. 1937-ல் பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 162 பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை என்று அது பதிவு செய்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் அந்த எண்ணிக்கை 58, நியூசிலாந்தில் 31. நாட்டில் நிகழ்ந்த சாவுகளில் கிட்டத்தட்டப் பாதி பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுடையது. ஆண்டுக்குச் சுமார் இரண்டு லட்சம் பெண்கள் பேறுகாலத்தில் இறந்துகொண்டிருந்தார்கள். இந்த எண்கள் பரவலாகத் தெரிந்தவை. நான் கவனிக்கச் சொல்வது குழு இவற்றுக்கு எழுதிய மருந்தை. அறிக்கையின் உயிர் விகிதங்களில் இல்லை, ஆட்களில் இருக்கிறது. நாட்டுக்கு ஒரு லட்சம் மருத்துவச்சிகள் தேவை, இருப்பவர்கள் ஐயாயிரம் என்று அது கணக்குப் போட்டது. நாற்பதாயிரம் மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், அதில் இரண்டு மருத்துவர்கள், நான்கு பொதுச் சுகாதாரச் செவிலியர், நான்கு மருத்துவச்சிகள், பயிற்சி பெற்ற நான்கு தாய்கள் (வடக்கே பிரசவம் பார்க்கும் நாட்டு மருத்துவச்சிக்கு 'தாய்' என்றே பெயர்) என்று ஒவ்வொரு நாற்காலியையும் எண்ணி எழுதியது. ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு வலி எடுத்தால் யார் வருவார் என்ற கேள்விக்கு அதில் விடை இருந்தது. 1952-ல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு ஆரம்ப சுகாதார நிலையங்கள் வந்தபோது வட்டாரத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் வந்தன. குழு கேட்ட ஆட்களும் அதில் இல்லை. சுதந்திர இந்தியா தன் தாய்மாருக்கு முதலில் தவறவிட்டது ஒரு விகிதத்தை அன்று, ஓர் ஆளை.

அந்தக் குழுவில் டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் உறுப்பினர். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தவர், மகப்பேறு மருத்துவத்தில் பல தலைமுறை மாணவர்கள் படித்த பாடநூலை எழுதியவர். 1930களில் சென்னை நகரில் நிகழ்ந்த பேறுகால மரணங்களின் காரணங்களை அவர் ஆராய்ந்திருந்தார். பம்பாயிலும் கல்கத்தாவிலும் அதே காலத்தில் பெண் மருத்துவர்கள் அதே வேலையைச் செய்தார்கள். தாய் இறந்தால் அதற்கு ஒரு காரணம் உண்டு, அந்தக் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கலாம், கண்டுபிடித்தால் அவற்றில் பெரும்பகுதியைத் தடுக்கலாம் என்ற எண்ணம் ஆக இந்த மண்ணுக்குப் புதிதன்று. ஆனால் அது மருத்துவர்களின் ஆய்வாகவே நின்றுவிட்டது, அரசின் வழக்கமாக மாறவில்லை. 1959-ல் முதலியாரின் தலைமையிலேயே இன்னொரு தேசியக் குழு அமைந்தது. அதுவும் நிலையங்களின் தரத்தைப் பற்றி அக்கறையோடு எழுதியது. ஆனால் அதற்குள் நாட்டின் கவனம் வேறு பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது.

அந்த வேறு பக்கத்தின் பெயர் குடும்பக் கட்டுப்பாடு. இங்கே என் வாதத்துக்கே ஒரு சோதனை இருக்கிறது, அதை மறைத்துவிட்டு மேலே போக முடியாது. தேசிய இலக்கு கிராமம் வரை இறங்கவில்லை என்பதுதான் குறை என்று ஒருவர் சொன்னால், கிராமம் வரை இறங்கிய ஓர் இலக்கை வரலாறு அவர் முன்னால் வைக்கும். 1960களின் நடுவிலிருந்து கருத்தடைக்கான இலக்குகள் தில்லியில் வகுக்கப்பட்டு, மாநிலத்துக்கு இத்தனை, மாவட்டத்துக்கு இத்தனை, துணைச் செவிலியருக்கு மாதம் இத்தனை 'கேஸ்' என்று பிரிந்து இறங்கின. நெருக்கடிநிலையின்போது, 1976-77 என்ற ஒரே ஆண்டில் எண்பது லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அதே 1976-ல் வந்த 42-ஆவது திருத்தம் குடும்பக் கட்டுப்பாட்டைப் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுவந்தது. மருத்துவமனைகளும் பொதுச் சுகாதாரமும் மாநிலப் பட்டியலிலேயே இருந்தன. பிள்ளை பெறாமல் இருப்பதற்கு மத்திய அரசு நேரடிப் பொறுப்பு எடுத்துக்கொண்டது, பெறும்போது சாகாமல் இருப்பதற்கு எடுத்துக்கொள்ளவில்லை. பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்ற பெண்ணின் நாட்கள் ஆள் சேர்ப்பதிலேயே கழிந்தன. அவர் எத்தனை பிரசவம் பார்த்தார், எத்தனை பேரை நேரத்தில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார் என்று மேலதிகாரி கேட்கவில்லை. கொண்டுவந்த ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் கேட்டார். 1996 ஏப்ரலில் இந்த ஒதுக்கீட்டு முறையைக் கைவிடும் வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இப்படிப் போயின. ஆகவே எண்ணைக் கீழே இறக்கினால் மட்டும் போதாது. எளிதில் எண்ணக்கூடிய ஒன்றை இலக்காக வைத்தால், எண்ணுவதற்குக் கடினமான எல்லாவற்றையும் அது விழுங்கிவிடுகிறது.

இந்தச் சூழலில்தான் 1983-ன் முதல் தேசிய நலவாழ்வுக் கொள்கை வந்தது. 1978-ல் அல்மா அட்டாவில் உலக நாடுகள் கூடி 2000-க்குள் அனைவருக்கும் நலவாழ்வு என்று அறிவித்திருந்தன. அதன் தொடர்ச்சியாக இந்தியா ஒரு பட்டியல் போட்டது. 1978-ல் ஆயிரத்துக்கு 125 என்று இருந்த சிசு மரணம் 2000-க்குள் 60-க்குக் கீழே வர வேண்டும். தாய் இறப்பு ஆயிரத்துக்கு இரண்டுக்குக் கீழே. எல்லாப் பிரசவங்களையும் பயிற்சி பெற்றவர்களே பார்க்க வேண்டும். எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் பத்து விழுக்காடு மட்டுமே இருக்கலாம். பட்டியல் நல்ல மனத்தோடு எழுதப்பட்டது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தாய் இறப்பின் அன்றைய நிலை என்று அது காட்டியது 1976-ஆம் ஆண்டுக்கான ஒரு வீச்சு: ஆயிரத்துக்கு நாலு முதல் ஐந்து. ஆண்டுக்கு இரண்டு கோடிக்கு மேல் பிறப்புகள் நிகழ்ந்த நாட்டில் அந்த நாலுக்கும் ஐந்துக்கும் இடையே இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். அத்தனை பேர் இருந்தார்களா இறந்தார்களா என்பது அரசுக்கே தெரியாத நிலையில், அவர்களுக்கான இலக்கு மட்டும் எழுதப்பட்டது.

அளவையின் இந்தப் பஞ்சம் பின்னாலும் நெடுங்காலம் நீடித்தது. குழந்தை மரணத்தை 1970-ஐ ஒட்டி நாடெங்கும் பரவிய மாதிரிப் பதிவு முறை ஓரளவு நம்பத்தக்க வகையில் அளந்தது. அதனால்தான் 1971-ல் 129, 1991-ல் 80, 2000-ல் 68 என்று அதன் இறக்கத்தை நாம் படிப்படியாகக் காண முடிகிறது. தாய் மரணம் அப்படியன்று. அது அரிதாக நிகழ்வது, வீட்டுக்குள் நிகழ்வது, பல நேரம் வேறு பெயரில் பதிவாவது. எண்பது லட்சத்துக்கு மேற்பட்ட மக்களைத் தொடர்ந்து கவனிக்கும் இன்றைய மாதிரிப் பதிவுகூட மூன்று ஆண்டுக் கணக்கைச் சேர்த்துத்தான் ஒரு விகிதம் சொல்கிறது. 1992-93-ன் முதல் தேசிய குடும்ப நல ஆய்வு ஒரு லட்சத்துக்கு 424 என்றது, 1998-99-ன் இரண்டாவது ஆய்வு 540 என்றது. நிலைமை மோசமாகிவிட்டதா என்றால் அதையும் சொல்ல முடியாது, மாதிரியின் பிழை எல்லைக்குள் அடங்கும் வேறுபாடு அது. கெடு முடிய ஓராண்டே இருந்தபோது, நாம் மேலே போகிறோமா கீழே வருகிறோமா என்பதுகூட உறுதியாகத் தெரியவில்லை. பிறகு வந்த கணக்குப்படி 1999-2001-ல் தேசிய விகிதம் 327. இலக்கு 200. சிசு மரண இலக்கோ எட்டு புள்ளிகளில் தவறி, அடுத்த நாலைந்து ஆண்டுகளில் எட்டப்பட்டது. இரண்டும் ஒரே பட்டியலில், ஒரே அரசின் கீழ் இருந்தவை. ஆண்டுதோறும் அளக்கப்பட்டது குறி அருகே வந்து நின்றது, அளக்கப்படாதது வெகுதூரத்தில் நின்றது. இதை மட்டும் வைத்து ஒரு விதியைச் சொல்லிவிட முடியாதுதான். தடுப்பூசியும் உப்பு-சர்க்கரைக் கரைசலும் குழந்தைக்கு உதவிய அளவுக்கு எளிய கருவி எதுவும் உதிரப்போக்கில் சாகும் தாய்க்கு இல்லை. ஆனாலும் ஒப்பீடு கண்ணை உறுத்துகிறது.

இனி தமிழ்நாட்டுக்கு வருவோம். நூறின் கதை இங்கே வேறு மாதிரி போயிற்று. 1999-2001-ல் தமிழ்நாட்டின் தாய் இறப்பு விகிதம் 167. 2001-03-ல் 134, 2004-06-ல் 111, 2007-09-ல் 97. முதலில் குறித்த கெடுவான 2010-க்கு முன்பே நூறு கடந்தாயிற்று. கேரளம் அதற்கும் முன்னால் போய்விட்டது. 1990களின் நடுவில் இங்கே தொடங்கிய ஒரு நடைமுறை, அடுத்த பத்தாண்டில் மாநிலம் முழுவதும் கட்டாயமானது: எந்தத் தாய் இறந்தாலும், அரசு மருத்துவமனையிலோ தனியாரிடமோ வீட்டிலோ வழியில் வண்டியிலோ எங்கே இறந்தாலும், அந்தச் சாவு உடனே மேலே தெரிவிக்கப்பட வேண்டும். பிறகு ஒருவர் அந்த வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். வலி எப்போது வந்தது, யாரிடம் முதலில் போனீர்கள், அங்கே என்ன சொன்னார்கள், வண்டி எத்தனை மணிக்குக் கிடைத்தது, ரத்தம் இருந்ததா, மயக்க மருந்து கொடுப்பவர் இருந்தாரா. மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் மருத்துவர்களோடு குடும்பத்தாரும் உட்கார்ந்து பேசும் கூட்டம் இதன் ஒரு பகுதி. ஒரு கூலித் தொழிலாளி, தன் மனைவி இறந்த கதையைத் தன் மாவட்டத்தின் மிகப்பெரிய அதிகாரியிடம் நேரில் சொல்லவும், அது குறிப்பேட்டில் ஏறவும் ஒரு வழி பிறந்தது. மக்கள்தொகைக் கொள்கையின் பட்டியலைவிட இந்தக் குறிப்பேட்டைத்தான் நான் பெரிய ஆவணமாகக் கருதுகிறேன்.

அந்தக் கேள்விகள் திரும்பத் திரும்பச் சில இடங்களிலேயே வந்து நின்றன. ஆரம்ப சுகாதார நிலையம் மாலையில் மூடிவிடுகிறது, வலியோ இரவில் வருகிறது. அங்கிருந்து வட்டத் தலைநகருக்கு, அங்கே ரத்தம் இல்லை என்று மாவட்டத் தலைநகருக்கு, அங்கிருந்து மருத்துவக் கல்லூரிக்கு என்று வண்டி மாறி மாறிப் போகிற வழியிலேயே உயிர் போகிறது. இதற்கு விடையாக வந்தவை மூன்று செவிலியர் மாறிமாறிப் பணியாற்றும் 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள். அடுத்து, அறுவை மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், ரத்தம் எல்லாம் எந்நேரமும் இருக்கும் 'சீமாங்க்' மையங்கள். 2008-ல் 108 வண்டி. இவற்றில் எதுவும் தேசிய இலக்கில் எழுதியிருக்கவில்லை. நூறு என்ற எண்ணை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் அது "இரவில் ஒரு செவிலியர் வேண்டும்" என்று சொல்லாது. இறந்த பெண்ணின் கதை அதைச் சொல்லும். இங்கேதான் கருத்தடை இலக்குக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு விளங்குகிறது. இரண்டும் கிராமம் வரை இறங்கியவைதாம். ஒன்று ஊழியரிடம் எண்ணிக்கையைக் கேட்டது. மற்றது அரசிடமே காரணத்தைக் கேட்டது.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளில் வலிமையானது, தமிழ்நாடும் கேரளமும் ஏற்கெனவே முன்னேறியிருந்தன என்பது. பெண்கல்வி, சாலை, பேருந்து, குறைந்த பிறப்பு விகிதம், 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றிய சென்னை மாகாணத்தின் பரம்பரை, பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி அலுவலர் அணி, எல்லாம் சேர்ந்துதான் இந்த இறக்கம், விசாரணைக் கூட்டத்தால் அன்று என்பார்கள். இதில் பாதி உண்மை. 1999-ல் விகிதம் 167-ல் தொடங்கியதற்கு அந்தப் பரம்பரைதான் காரணம். அதே காலத்தை ஒட்டி உத்தரப் பிரதேசம் 500-ஐத் தாண்டியிருந்தது. ஆனால் 167-லிருந்து பத்தாண்டுக்குள் 97-க்கு வந்ததைப் பெண்கல்வி கொண்டு மட்டும் விளக்க முடியாது. கல்வியும் சாலையும் ஒரு தலைமுறையின் வேகத்தில் நகர்பவை. இரவுச் செவிலியரும் ரத்தமும் அவற்றைவிட விரைவாக வந்தார்கள். இன்னொரு மறுப்பு அளவைப் பற்றியது. ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் பிறப்புகள் உள்ள தமிழ்நாட்டில் 167 என்றால் ஆயிரத்தெழுநூறு சாவுகள் போல ஆகும், ஒவ்வொன்றையும் விசாரிக்கலாம்; அரைக் கோடிக்கு மேல் பிறப்புகள் உள்ள உத்தரப் பிரதேசத்தில் இருபத்தைந்தாயிரத்தை எப்படி விசாரிப்பது? கேள்வி நியாயமானது. ஆனால் சாவு அதிகம் என்பது விசாரணையைக் கைவிடக் காரணம் ஆகாது. எல்லாவற்றையும் கேட்க முடியாவிட்டால் ஒரு மாவட்டத்தில், ஒரு மருத்துவமனையில் கேட்கத் தொடங்கலாம். காரணங்கள் ஆயிரமாயிரம் இல்லை, ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும்: உதிரப்போக்கு, ரத்தக் கொதிப்பால் வரும் வலிப்பு, நச்சேற்றம், தடைப்பட்ட பிரசவம், பாதுகாப்பற்ற கருக்கலைப்பு. 2010-ல் மத்திய அரசே நாடு முழுவதற்கும் தாய் மரண விசாரணைக்கான நெறிமுறைகளை வெளியிட்டது, தமிழ்நாட்டின் ஆட்சியர் கூட்டத்தை ஒத்த ஏற்பாட்டோடு.

இலக்குகளுக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதையும் நான் ஒதுக்கிவிட மாட்டேன். புத்தாயிரத்தின் உலக இலக்குகளும் அந்த நூறும் இல்லாதிருந்தால் 2005-க்குப் பிறகு அத்தனை பணம் ஊரக மருத்துவத்துக்கு வந்திருக்குமா என்பது ஐயமே. மருத்துவமனையில் பிரசவித்தால் பணம் தரும் ஜனனி சுரக்ஷா திட்டம் அந்த ஆண்டில்தான் தொடங்கியது. 2005-06-ல் நூற்றுக்கு 39 ஆக இருந்த மருத்துவமனைப் பிரசவங்கள் 2015-16-ல் 79 ஆயின, 2019-21-ல் 89. இது சாதாரண மாற்றம் அன்று. இருந்தாலும் இங்கேயும் பழைய நோயின் சாயல் தெரிகிறது. எண்ணுவதற்கு எளிதானது வாசலைத் தாண்டி உள்ளே வந்த பெண்களின் எண்ணிக்கை. உள்ளே அவளுக்கு என்ன கிடைத்தது, இரண்டு மணி நேரம் கழித்து உதிரம் பெருகியபோது யார் அருகில் இருந்தார்கள் என்பது எண்ணுவதற்குக் கடினமானது. மருத்துவமனைப் பிரசவம் இரண்டு மடங்கு ஆன பிறகும் 2018-20-ல் அசாமின் விகிதம் 195, கேரளத்தின் விகிதம் 19. இரண்டையும் தனக்குள் வைத்துக்கொண்டுதான் 97 என்ற தேசிய சராசரி நூறைத் தாண்டியது.

விசாரணை முறைக்கும் ஓர் ஆபத்து உண்டு. காரணத்தைக் கேட்கும் கூட்டம் குற்றவாளியைத் தேடும் கூட்டமாக மாறிவிட்டால், கீழே உள்ளவர்கள் சாவை மறைப்பார்கள், அல்லது உயிர் ஊசலாடும் பெண்ணைத் தங்கள் வாசலில் இறந்துவிடக் கூடாது என்று அவசரமாக அடுத்த ஊருக்கு அனுப்புவார்கள். அப்போது விசாரணையே சாவுக்குத் துணைபோகும். இங்கிலாந்தில் 1952 முதல் நடக்கும் தாய் மரண விசாரணையும், கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004-ல் தொடங்கிய மறுஆய்வும் பெயர்களை மறைத்து வைப்பது இதனால்தான். ஆட்சியர் முன்னால் குடும்பத்தார் பேசும் முறையில் மருத்துவருக்கு அந்த மறைப்பு கிடைப்பதில்லை. ஆனால் குடும்பத்துக்கு ஒரு குரல் கிடைக்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்வேன் என்று அடம்பிடிக்க வேண்டியதில்லை. இரவுச் செவிலியரைப் பணியமர்த்தாத அரசு, இரவில் தனியாக நின்ற செவிலியரைத் தண்டிப்பதை மட்டும் எந்த முறையும் அனுமதிக்கக் கூடாது.

குழந்தைகளின் கணக்கிலும் இதே திருப்பம் தேவைப்பட்டது, ஆனால் வேறு காரணத்துக்காக. சராசரி எண் சிலவற்றை முற்றிலும் மறைத்துவிடும். 1980களிலும் 90களிலும் சேலம், தருமபுரி, மதுரை வட்டாரங்களில் பெண் சிசுக்கள் கொல்லப்பட்டபோது மாநிலத்தின் சிசு மரண விகிதம் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆண், பெண் என்று பிரித்து, பிறந்து எத்தனை நாளில் இறந்தது என்று பார்த்தபோதே உண்மை வெளிவந்தது. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததும் அதன் பின்புலத்தில்தான். நாட்டளவில் பார்த்தாலும், தடுப்பூசியால் பிழைக்கக்கூடிய குழந்தைகள் பிழைத்துவிட்ட பிறகு, எஞ்சிய சாவுகள் வாழ்வின் முதல் சில நாட்களில் போய்க் குவிந்தன. 2020-ல் இந்தியாவின் சிசு மரண விகிதம் 28. அந்த 28 சாவுகளில் இருபது, பிறந்த முதல் 28 நாட்களுக்குள் நிகழ்ந்தவை. அந்த நாட்களில் குழந்தை பெரும்பாலும் வீட்டில் இருக்கிறது, ஆனால் நெடுங்காலம் அதை எடை போட்டுப் பார்க்க வந்தவர் எவரும் இல்லை. மருத்துவமனை எட்டாத ஊர்களில் பச்சிளங்குழந்தை ஏன் சாகிறது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, 1990களில் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலிக் காட்டுக் கிராமங்களில் வீடு வீடாகப் போனார்கள் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதியர். அவர்கள் பயிற்சி கொடுத்து அனுப்பிய கிராமத்துப் பெண்கள் என்ன கண்டார்கள் என்பது அடுத்த பகுதியில்.